அடுத்த வாக்கியம்

செம்பனைப் பழம் ஏற்றிய லோரி எண்ணெய் ஆலைக்குள் நுழைந்ததும் நேராகப் போய்க் கொட்டிவிட முடியாது. முதலில் எடைமேடையில் ஏற வேண்டும். பழத்தோடு ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியாக இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம். காய்ப்பு அதிகமான மாதங்களில் மேடைக்கு முன்னால் வரிசை பெரிய சாலைவரை நீளும். ஓட்டுநர்கள் இறங்கி, லோரி நிழலில் குந்திக்கொண்டு காத்திருப்பார்கள். பாடாங் செராய்க்குப் பக்கத்து ஆலையில் அந்தக் காத்திருப்பு யாருக்கும் பெரிதாகத் தெரிந்ததில்லை. காரணம், அவர்களில் ஒருவரான மணியத்தின் வாய்.

மணியம் தமிழ்ப் பேப்பரை டயர்மேல் விரித்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். ஒரு செய்தியை வாசித்த கையோடு அதைத் திட்டுவார். மழை வரும் என்று போட்டிருந்தால் மழையைத் திட்டுவார். வராது என்று போட்டிருந்தால் போட்டவனைத் திட்டுவார். எடை போடும் கிராணி கண்ணாடிச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அதே மேடையில் மணியத்தின் லோரி ஏறி நின்றது. எடை பதிவானது. கிராணி கையைக் காட்டியும் லோரி நகரவில்லை. ஏறிப் பார்த்தபோது மணியம் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். வலது கை தொங்கிக் கிடந்தது. கண்கள் விழித்திருந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலும் மெல்ல மெல்ல நடைக்கு வந்தது. பேச்சுதான் வரவில்லை. காது கேட்டது, சொன்னது புரிந்தது, என்ன வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அதற்கான வார்த்தை மட்டும் வாய்க்கு வராது. தொண்டைவரை வந்து நிற்கும். தேடித் தேடி, கடைசியில் எதையாவது எட்டி உதைப்பார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த ஷாஹீதா, இதை மணியத்துக்கும் அவர் மனைவி குணசுந்தரிக்கும் சேர்த்தே விளக்கினாள். அவளுடைய வாப்பா சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். தமிழ் அவளுக்குத் தடையில்லாமல் வந்தது.

"அண்ணே, லோரி ஓட்டினவரு நீங்க. மழையில தோட்டத்து ரோடு அரிச்சிட்டுப் போயிட்டா என்னா செய்வீங்க? மர நிரைக்குள்ள விட்டு வேற தடம் போடுவீங்கல்ல?"

மணியம் தலையாட்டினார்.

"முதல் லோரி பொதையும். அடுத்தது கொஞ்சம் கம்மியாப் பொதையும். ஓட ஓட அதுவே ரோடாயிரும். மூளையும் அப்படித்தான். வார்த்தை எங்கயும் போயிடல. சரக்கு உள்ளதான் இருக்கு. வர்ற ரோடுதான் போச்சு. புதுத் தடம் நீங்கதான் போடணும்." பிறகு குணசுந்தரியைப் பார்த்தாள். "அக்கா, அவரு தடுமாறும்போது நீங்க வார்த்தைய எடுத்துக் குடுக்கக் கூடாது. குடுத்தா லோரி ஓடல, தடம் விழல. அவருக்கு முன்னால கைய இப்படித் திறந்து வைங்க. 'நான் காத்திருக்கேன், ஒங்க முறை'ன்னு அர்த்தம். வார்த்தை வந்தாத்தான் மூடணும்."

"வராட்டி, மிஸ்?"

"காத்திருக்கணும் அக்கா. இந்த ஆரம்ப மாசங்கள்ல மண்ணு எளகியிருக்கும். அப்புறம் இறுகிப் போயிரும்."

குணசுந்தரி, தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியின் முகப்பில், வீட்டை ஒட்டி, கொட்டகை போட்டுத் தோசையும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் விற்றுவந்தாள். கூலிம் ஹைடெக் பூங்காவின் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகும். பேருந்து வருவதற்குமுன் பொட்டலம் தயாராக இருக்க வேண்டும். சூடான சோற்றை அப்படியே வாழை இலையில் வைத்தால் வேர்த்து ஊசிப்போகும். கிளறி ஆறவிட்டு, சம்பலை ஓரமாக வைத்து, நெத்திலி நமுத்துப்போகாமல் மேலே தூவிக் கட்ட வேண்டும். அவசரப்படக் கூடாத வேலையை அவசரமாகச் செய்கிற தொழில் அது. அதன் நடுவில் மணியம் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார் என்றால் குணசுந்தரி கரண்டியை வைத்துவிட்டு உள்ளங்கையை விரிப்பாள்.

"ச... ச..."

கல்லில் தோசை கருகும்.

"அக்கா, தோசை தீயுது லா."

"தீயட்டும். நீ சும்மா இரு."

"ச... சம்... சம்பல்!"

பேருந்துக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண், "அங்கிள், அடுத்து நெத்திலி சொல்லுங்க" என்றாள். மணியம் அவளை முறைத்த முறைப்பில் பழைய மணியம் இருந்தார். இப்படித்தான் தண்ணி வந்தது, குடை வந்தது, பேப்பர் வந்தது.

குணசுந்தரி காத்திருந்தது வேறொரு வார்த்தைக்காக. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்ணை ஊர்ப்பெயராலேயே கூப்பிடுவது அவர்கள் இருந்த தோட்டத்துப் பழக்கம். அவள் பாலிங்கிலிருந்து வந்தவள். கல்யாணமான மறுநாள், "ஏ பாலிங்கு, தண்ணி எடுத்தா" என்று மணியம் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவர் வாயில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. கோபத்திலும் பாலிங்கு, கொஞ்சலிலும் பாலிங்கு. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஒரு பிற்பகல் திடீரென்று மழை இறங்கியது. கொடியில் துணி. மணியம் வாசலில் நின்று கையை ஆட்டினார். "பா... பா... பாலி..." அதற்கு மேல் வரவில்லை. குணசுந்தரி மழையில் நின்றபடியே கையை விரித்தாள். துணி நனைந்தது, அவளும் நனைந்தாள். அவர் முகம் சிவந்து கண்ணீர் வந்தது. கடைசியில் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுமுறை ஷாஹீதாவிடம் அதைச் சொல்லும்போது குணசுந்தரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கிட்ட வந்துருச்சு மிஸ். வாசல்ல நிக்குது."

ஆனால் அவளைப்போல் காத்திருக்க வீட்டில் வேறு யாருக்கும் முடியவில்லை. மகன் வசந்தன் ஹைடெக் பூங்காவில் கணினிச் சிப்பு செய்யும் ஆலையில் இயந்திரம் பார்ப்பவன். ஷிப்டு முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவன், அப்பா ஒரு வார்த்தைக்குப் போராடுவதை எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மணியம் எதையோ கேட்டார். வசந்தன் குழம்பைக் காட்டினான், இல்லை. ரசம், இல்லை. அப்பளம், இல்லை. குணசுந்தரி கையை விரிப்பதற்குள் தட்டு சுவரில் மோதியது. வசந்தனின் மனைவி சாந்தினி, மாசமாக இருந்தவள், குனிந்து சோற்றை அள்ளினாள். மணியம் அவளைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார்.

அந்த வாரமே வசந்தன், அப்பாவுக்காகப் பேசும் ஒரு டேப்லட் வாங்கி வந்தான்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான் அது. திரையில் படங்கள் இருக்கும்: சாப்பாடு, ஆள், உடம்பு, வெளியே. ஒன்றைத் தொட்டால் அதை ஒட்டி மூன்று வாக்கியங்கள் வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டால் டேப்லட் அதைப் பேசும். மூன்றும் பிடிக்கவில்லையென்றால் வலது கீழ் மூலையைத் தட்ட வேண்டும். அடுத்த வாக்கியங்கள் வரும். மணியத்தின் மனதில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்று மட்டும் அது கற்றுவைத்திருக்கிறது. நேரத்தைப் பார்க்கும், போன முறை எதைத் தொட்டார் என்று பார்க்கும், அதைக்கொண்டு ஊகிக்கும். காலையில் ஆள் படத்தைத் தொட்டால் மனைவி, மாலையில் தொட்டால் மகன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதோடு, அது மணியத்தின் சொந்தக் குரலில் பேசியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் இத்தனை வருடமாக அனுப்பியதையெல்லாம் வசந்தன் அதற்குள் ஏற்றியிருந்தான். குரலை வைத்துக் குரல் செய்தது. எழுத்தை வைத்துப் பேச்சு நடையைச் செய்தது.

"எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் வேண்டும்" என்று அந்தக் குரல் முதன்முதலில் கேட்டபோது குணசுந்தரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மணியமும் அழுதார். அவள் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பவும் தொட்டார். "நன்றி, குணசுந்தரி."

சேதி பரவி, கூட லோரி ஓட்டிய சுப்பிரமணியம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"என்னா லா மணியம், ஆளு எளைச்சிட்ட?"

மணியம் திரையைத் தொட்டார். "வணக்கம் நண்பரே. தங்கள் வருகை எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது."

சுப்பிரமணியம் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தாண்ணே சொல்றாரு" என்றாள் குணசுந்தரி.

"என்னையா? இத்தன வருசமாக் கழுதைன்னு கூப்பிட்டவன், இப்ப நண்பரேங்கிறான். தங்கச்சி, இது கோயில் மைக்குல பேசற மணியம். லோரி மணியம் எங்க?"

"உன்னையே நீ நம்பு. ஒவ்வொரு விடியலும் ஒரு புதிய வாய்ப்பு" என்றது டேப்லட்.

வசந்தன் தலையைச் சொறிந்தான். "அது வந்து மாமா... அப்பா குரூப்புல எழுதுனதே இல்ல. எல்லாம் ஃபார்வேர்டு. காலை வணக்கம், பொன்மொழி, பூப்படம். வாய்ஸும் தீபாவளிக்குத்தான் போடுவாரு, 'அனைவருக்கும்'னு ஆரம்பிச்சு. அதான் அது இவர அப்படி நெனைச்சிக்கிச்சு."

அவர்கள் செய்த தப்பு இதுதான். போனில் இருப்பது மணியம் என்று நினைத்துவிட்டார்கள். மணியம் பேசியதெல்லாம் எடைமேடை வரிசையிலும் கோப்பிக் கடையிலும் அடுப்படி வாசலிலும். அங்கே யாரும் எதையும் பதிவு செய்துவைக்கவில்லை. பாலிங்கு என்ற சொல் அந்தக் குழுவில் ஓரிடத்தில்கூட இல்லை. பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு யார் செய்தி அனுப்புவார்கள்?

"கழுதைய உள்ள போடு லா" என்றார் சுப்பிரமணியம். வசந்தன் தட்டினான். 'மரியாதையான வேறு சொல்லைப் பயன்படுத்தலாமா?' என்று திரை கேட்டது.

"டேய் மணியம், ஒன் வாய மேய்க்க ஒரு மண்டோர் வெச்சிட்டானுங்க லா!"

மணியம் பாதி வாயால் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் அமைதி வந்தது. தட்டு பறக்கவில்லை. தோசை தீயவில்லை. மணியம் பேப்பரைப் படிப்பதை விட்டார். டேப்லட் செய்திகளைச் சுருக்கிச் சொல்லும், சொன்ன பிறகு கருத்தும் கொடுக்கும். "வருத்தமான செய்தி" என்பதையோ "நல்ல முயற்சி" என்பதையோ அவர் தொடுவார். மேலே இருப்பதைத்தான் தொடுவார். அவர் தொட்டார் என்பதற்காக அது மறுநாளும் மேலே வரும். மேலே வந்தது என்பதற்காக அவர் அதையே தொடுவார். தடம் ஒன்று விழுந்துகொண்டுதான் இருந்தது. விழுந்த இடம் வேறு.

குணசுந்தரியும் கையை விரிப்பதை விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கொட்டகையிலிருந்தே அவர் கேட்பது காதில் விழுந்தது. கை வேலையில் இருந்தது. அதுவுமின்றி, கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகியது. பிறகு, டேப்லட் நன்றி சொல்லாத நாளில் என்னவோபோல் இருந்தது. 'குணசுந்தரி' என்று தன் முழுப்பெயரை அந்தக் குரலில் கேட்பதுகூட நன்றாகத்தான் இருந்தது.

மழை குறைந்து, வெயில் ஏறி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகள் தூசியாகப் பறக்கத் தொடங்கிய நேரத்தில் ஷாஹீதாவிடம் மறுபடி போனார்கள். இடையில் வந்த பயிற்சித் தவணைகளை அவர்கள் விட்டிருந்தார்கள். வசந்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. பேசத்தான் பேசுகிறாரே என்ற நினைப்பும் ஒரு காரணம்.

ஷாஹீதா படஅட்டைகளை எடுத்தாள். முதல் அட்டை குடை. மணியம் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. குணசுந்தரியின் தோளில் தொங்கிய பையைத் திரும்பிப் பார்த்தார்.

"டேப்லட் இருக்கட்டும்ணே. வாயால. கு..."

அவர் பையையே பார்த்தார். ஷாஹீதா உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருந்தாள். வெளியே பெயர் கூப்பிடும் ஒலிபெருக்கி பலமுறை கூப்பிட்டு ஓய்ந்தது. பிறகு கோப்பை, சீப்பு, பேப்பர் அட்டைகள். அவருக்குக் கோபமும் வரவில்லை. கோபம் வந்தால்கூடத் தேவலை என்று குணசுந்தரிக்கு இருந்தது.

"குடை சொன்னாரே மிஸ். எனக்கு முன்னால சொன்னாரே."

"சொன்னாரு அக்கா."

"மண்ணு இறுகிருச்சா?"

ஷாஹீதா அட்டைகளை அடுக்கினாள். "டேப்லட் கெட்டது இல்ல அக்கா. தடம் போடவே முடியாதவங்களுக்கு அது பெரிய உதவி. இவரால முடிஞ்சது. அதான்..." என்று நிறுத்தினாள். "வீட்டுல இருக்கும்போது எடுத்து வெச்சிட்டுப் பாருங்க. முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

குணசுந்தரி டேப்லட்டை அரிசி டின்னுக்குள் வைத்தாள். மணியம் வீடு முழுக்கத் தேடினார். அலமாரியைத் திறந்தார், தலையணையைப் புரட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட குழந்தைபோல் சத்தமில்லாமல் அழுதார். அவள் எதிரே உட்கார்ந்து கையை விரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்று தள்ளினார்.

வேலை முடிந்து வந்த வசந்தன் பார்த்துவிட்டுக் கத்தினான். "ஏம்மா அவர இப்படி வதைக்கிற? எதுல பேசுனா என்னா, பேச்சுதானே?"

"அது அவரு பேச்சு இல்லடா."

"இப்ப யாரு பேச்சு அவங்க பேச்சா இருக்கு? ஷிப்டு முடியறப்ப நான் எழுதற ரிப்போட்டு நான் எழுதறதில்ல, இது மாதிரி ஒண்ணுதான் எழுதுது. சூப்பர்வைசரும் அதப் படிக்கறதில்ல. அதுகிட்டயே குடுத்துச் சுருக்கிக்கிறாரு. எழுதறதும் அது, படிக்கறதும் அது. நடுவுல எங்க பேரு மட்டும். ஃபேக்டரி ஓடலியா?"

"நீ முன்ன நல்லா எழுதுவியேடா."

வசந்தன் பதில் சொல்ல வாயெடுத்தான். சாந்தினி, "அத்தே, மாமா பசியோட இருக்காரு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, டின்னுக்குள் கையை விட்டு, டேப்லட்டை அரிசி உதறி எடுத்தாள். குணசுந்தரி தடுக்கவில்லை.

"மகிழ்ச்சி" என்றது டேப்லட்.

அதன் பிறகு இதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழவில்லை.

ஒரு பிற்பகல் பெரிய காற்று அடித்து எங்கோ மரம் விழுந்தது. தாமான் முழுக்க மின்சாரம் நின்றது. காலையிலிருந்து சார்ஜ் போட மறந்திருந்த டேப்லட், மணியத்தின் மடியில் ஒருமுறை மினுங்கி அணைந்தது. வசந்தனும் சாந்தினியும் வீட்டில் இல்லை. கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. கொடியில் துணி இருந்தது. குணசுந்தரி எடுக்கப் போகவில்லை.

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அணைந்த டேப்லட்டை மேசைமேல் வைத்தாள். வலது கையை அவருக்கு முன்னால் நீட்டி விரித்தாள்.

"துணி நனையுதுங்க" என்றாள். "கூப்பிடுங்க என்னை."

மணியம் வாசல் பக்கம் பார்த்தார். மழையைப் பார்த்தார். அவர் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன. அவர் குனிந்து அவள் கையைப் பார்த்தார். இடது கை மெல்ல உயர்ந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, அவள் உள்ளங்கையின் நடுவில் ஒருமுறை தொட்டார். தொட்டுவிட்டு, கையையே பார்த்தபடி காத்திருந்தார்.

குணசுந்தரிக்கு முதலில் புரியவில்லை. அவர் மறுபடி தொட்டார். அதே இடத்தில், அதே அளவு அழுத்தத்தில்.

"தண்ணியா?" என்றாள்.

அவர் விரல் நகர்ந்து அவள் சுண்டுவிரல் நுனியைத் தட்டியது. திரையின் வலது கீழ் மூலை. அடுத்த வாக்கியம்.

"பசிக்குதா?"

சுண்டுவிரல் நுனியில் தட்டினார்.

"சுப்பிரமணியண்ணனப் பாக்கணுமா?"

தட்டினார்.

மழை இன்னும் பலத்தது. குணசுந்தரி அவர் முகத்துக்குக் கிட்டே குனிந்து, தானே தன்னைக் கூப்பிட்டுக்கொள்வதுபோல், "பாலிங்கு" என்றாள்.

மணியம் நிமிர்ந்தார். எங்கோ கேட்ட குரலைத் தேடுவதுபோல் அவள் கண்ணைப் பார்த்தார். ஏதோ ஒன்று அந்த முகத்தில் அசைவதுபோல் இருந்தது. பிறகு குனிந்து, பொறுமையாக, அவள் சுண்டுவிரல் நுனியைத் தட்டினார்.

கொடியில் அவருடைய சட்டை ஒன்று கிளிப்பிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. அவர் காத்திருந்தார்.

"குணசுந்தரி, எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் வேண்டும்" என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக, அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தோடு. "நன்றி."

மணியத்தின் முகம் தெளிந்தது. நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

குணசுந்தரி கையை மூடிக்கொண்டு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் வைத்தாள்.